கிட் இல்லாம பழைய சிவில் விமான மாடல் செய்றது எப்படி: புஸ் மாத்தை வெச்சு ஒரு முழு வழிகாட்டி

போர் விமானம்னா எந்த ஸ்கேல்ல கேட்டாலும் கிட், அதாவது பாகம் பாகமா பெட்டியில வர்ற மாடல் செட், கிடைக்குது, ஆனா 1920, 30கள்ல தபால் மூட்டையைத் தூக்கிக்கிட்டு, ரெண்டு மூணு பேரை ஏத்திக்கிட்டு பாலைவனம் கடல்னு பார்க்காம பறந்த சின்ன சின்ன சிவில் விமானங்கள் இருக்கே, அதுல பாதிக்கு மேல கிட்டே வந்ததில்ல, வந்ததும் எப்பவோ நின்னுபோச்சு. அதனால அந்தக் காலத்து விமானம் பிடிக்கும்னா ஒரு கட்டத்துல பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி நாமளே வெட்டி ஒட்டித்தான் ஆகணும். இதைத்தான் ஸ்க்ராட்ச் பில்ட்னு சொல்றது. பாக்கறதுக்கு மலைப்பா இருக்கும், ஆனா சரியான விமானத்தை எடுத்து சரியான வரிசையில செஞ்சா முதல் முயற்சியிலேயே அலமாரியில வெக்கிற மாதிரி ஒண்ணு வரும்.

உதாரணத்துக்கு நான் டி ஹாவிலாண்ட் கம்பெனியோட புஸ் மாத்ங்கற சின்ன விமானத்தை எடுத்துக்கறேன், ஸ்கேல் 1/72, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு. முதல் ஸ்க்ராட்ச் பில்டுக்கு இதை விட நல்ல விமானம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஒரே இன்ஜின், மேல ஒரே இறக்கை, ரெண்டடுக்கு இறக்கை பைபிளேன் மாதிரி கம்பி கட்டுற வேலை கிடையாது, உடம்பு பக்கவாட்டுல தட்டையான பெட்டி. 1929 செப்டம்பர்ல முதல் தடவை பறந்தது, 120 குதிரைத்திறன் ஜிப்ஸி III இன்ஜின், அதையும் தலைகீழா மாட்டியிருப்பாங்க, பைலட்டுக்கு முன்னாடி மூக்கு மறைக்காம தெரியணும்னு. மூக்கோட அந்த சரிவுதான் இந்த விமானத்தோட முகமே, அது தப்பினா வேற எது சரியா இருந்தும் புஸ் மாத் மாதிரி இருக்காது.

முதல்ல ஒரு நாளைப் பிடிங்க

"புஸ் மாத் செய்யப்போறேன்"னு ஆரம்பிச்சா நடுவுல மாட்டிக்குவீங்க. எந்த புஸ் மாத், என்ன ரிஜிஸ்ட்ரேஷன், எந்த வருஷம், முடிஞ்சா எந்த நாள், இது முடிவாகணும். சிவில் விமானம் ஒவ்வொண்ணும் தனி ஆள் மாதிரி, ஓனர் மாறினா பெயின்ட் மாறும், ரிப்பேருக்குப் போனா பாகம் மாறும், தூரப் பயணத்துக்குத் தயார் பண்ணா உள்ளே இருக்கறதே மாறும்.

ரெண்டு உதாரணம் சொல்றேன். 1932 அக்டோபர் 15, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து அகமதாபாத் வழியா பம்பாய் ஜுஹுவுக்கு தபாலோட வந்து இறங்கினது விடி-ஏடிஎன் அப்படிங்கற புஸ் மாத்ல. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் பைலட் ஜிம் மொலிசன் அட்லாண்டிக்கை கிழக்குல இருந்து மேற்கா தனியாளா தாண்டினதும் புஸ் மாத்துலதான், ரிஜிஸ்ட்ரேஷன் ஜி-ஏபிஎக்ஸ்ஒய். வெளியில இருந்து ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா மொலிசன் விமானத்துல கேபினுக்குள்ள பெரிய பெட்ரோல் டேங்கை வெச்சிருந்தாங்க. ஜன்னல் பெருசா இருக்கற விமானம் இது, உள்ளே என்ன இருக்குன்னு நல்லாவே தெரியும், அதனால ஒரே மாதிரி சீட்டு போட்டு ரெண்டையும் ஒப்பேத்த முடியாது.

இதை விட முக்கியமான ஒண்ணு இருக்கு. 1930ல இருந்து 1933க்குள்ள பல புஸ் மாத் நடுவானத்துலேயே இறக்கை முறிஞ்சு விழுந்துச்சு. ஆராய்ச்சி பண்ணி, கடைசியில இறக்கையைத் தாங்குற முன்பக்க ஸ்ட்ரட்டை, அதாவது முட்டுக் கம்பை, கெட்டிப்படுத்த ஒரு சின்ன கூடுதல் ஸ்ட்ரட் சேர்த்தாங்க. அதனால உங்க மாடல்ல அந்த குட்டி ஸ்ட்ரட் இருக்கணுமா வேண்டாமாங்கறது நீங்க எந்த நாளைப் பிடிச்சிருக்கீங்கங்கறதைப் பொறுத்தது, உயிரோட இருக்கற மியூசியம் விமானத்தைப் பார்த்து காப்பி அடிச்சா அந்த நாள்ல இல்லாத ஒண்ணை ஒட்டிடுவீங்க.

படம் தேடும்போது இன்னொரு குழப்பம் வரும். 1982ல டாடா அதே பயணத்தை பொன்விழாவா திரும்ப பண்ணப்போ ஓட்டினது லெப்பர்ட் மாத், அது அடுத்த மாடல். தூரத்துல ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், படத்துக்குக் கீழே பேரும் மாத்தி மாத்தி போட்டிருப்பாங்க. லெப்பர்ட் மாத் உடம்பு ஒட்டுப்பலகை, புஸ் மாத் உடம்பு இரும்புக் குழாய் சட்டத்து மேல இழுத்துக் கட்டின துணி, அதனால பின்பக்க உடம்புல துணி இழுத்த கோடு தெரியுதான்னு பாருங்க.

டிராயிங்கை நம்பாதீங்க, அளந்து பாருங்க

மூணு பக்க டிராயிங் ஒண்ணு வேணும், மேலிருந்து, பக்கவாட்டுல, முன்னாடி. பழைய பத்திரிகை, புத்தகம்னு எங்க இருந்து எடுத்தாலும் ஸ்கேன் பண்ணும்போதும் ஜெராக்ஸ் எடுக்கும்போதும் ஒரு பக்கமா இழுபட்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதை கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம், விமானத்தோட நிஜ நீளமும் இறக்கையோட நுனிக்கு நுனி நீளமும் தெரிஞ்சா போதும்.

புஸ் மாத் இறக்கை நுனியில இருந்து நுனி 36 அடி 9 அங்குலம், அதாவது 441 அங்குலம். 72ஆல வகுத்தா 6.125 அங்குலம், மி.மீ.ல 155.6. நீளம் 25 அடி, 1/72-ல 105.8 மி.மீ. இப்ப உங்க கையில இருக்கற டிராயிங்ல இறக்கை 128 மி.மீ. இருக்குன்னு வெச்சுக்கங்க. 155.6ஐ 128ஆல வகுத்தா 1.216, அப்ப 121.6 சதவீதத்துக்கு பெருசாக்கி பிரின்ட் எடுக்கணும். ஆனா பிரின்ட் எடுக்கறதுக்கு முன்னாடி அதே டிராயிங்ல நீளத்தையும் அளங்க, 105.8ஐ 1.216ஆல வகுத்தா 87 வரும், உங்க டிராயிங்ல 87 இருந்தா சரி, 89 இருந்தா அது நீளவாக்குல இழுபட்டிருக்கு, கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா சரி பண்ணிட்டுதான் பிரின்ட் போடணும். அஞ்சு நிமிஷ வேலை, இதை விட்டுட்டு வெட்ட ஆரம்பிச்சா எல்லா பாகமும் சேர்ற நேரத்துலதான் வினை தெரியும். பிரின்ட் வந்ததும் ஸ்கேல் வெச்சு மறுபடி அளங்க, பிரின்டர் தானாவே "பக்கத்துக்கு பொருத்து"ன்னு சுருக்கியிருக்கும்.

அளவு சரியான டிராயிங்லயும் வடிவம் தப்பா இருக்கலாம். அதுக்கு போட்டோதான் சாட்சி. ஜன்னல் உயரத்துக்கும் உடம்பு உயரத்துக்கும் என்ன விகிதம், சக்கரம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, இதையெல்லாம் நேர் பக்கவாட்டுல எடுத்த போட்டோவுல அளந்து டிராயிங்கோட ஒப்பிடுங்க. டிராயிங்கும் போட்டோவும் முட்டிக்கிட்டா போட்டோ பக்கம் நில்லுங்க.

கலர் விஷயத்துல மட்டும் பழைய கருப்பு வெள்ளை படத்தை கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. அந்தக் காலத்துல நிறைய பேர் பயன்படுத்தின ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தை உணராது, அதனால சிவப்பு கிட்டத்தட்ட கருப்பா விழும், மஞ்சளும் இருட்டடிச்சுப் போகும், நீலம் வெளுத்துப்போய் வெள்ளை மாதிரி தெரியும். படத்துல கருப்பா இருக்கற எழுத்து நிஜத்துல சிவப்பா இருந்திருக்கலாம். எழுத்துல பதிவான வர்ணனை ஏதாவது கிடைக்குதான்னு தேடிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

என்னென்ன வேணும்

ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் 0.25, 0.5, 1 மி.மீ. தடிமன்ல, அதே ஸ்டைரீன்ல கண்ணாடி மாதிரி தெரியற கிளியர் ஷீட் ஒண்ணு, மெல்லிசு அசிடேட் ஷீட் ஒண்ணு, பித்தளை கம்பி 0.5, 0.8 மி.மீ., ஒட்டறதுக்கு பிளாஸ்டிக்கை கரைச்சு இணைக்கற தண்ணி மாதிரியான சிமென்ட், கம்பிக்கு சூப்பர் க்ளூ. கருவின்னு பார்த்தா கூர்மையான ஹாபி கத்தி, ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர், கையால சுத்தற குட்டி டிரில், 240ல இருந்து 1000 வரைக்கும் உப்புத்தாள், பட்டி, கிரே ப்ரைமர். சிமென்ட் ஆவியும் பிளாஸ்டிக் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வெச்சு வேலை பாருங்க, தேய்க்கும்போது மாஸ்க் போட்டுக்கங்க, முடிஞ்ச வரைக்கும் தண்ணி தொட்டே தேய்ங்க.

உடம்பு

மரத்துல முழுசா செதுக்கறது ஒரு வழி, மரத்துல அச்சு செஞ்சு அதுமேல சூடான பிளாஸ்டிக்கை இழுத்து ரெண்டு பாதியா எடுக்கறது இன்னொரு வழி. உருண்டையான உடம்புள்ள விமானத்துக்கு ரெண்டாவதுதான் நல்லது. புஸ் மாத் மாதிரி தட்டைப் பக்கத்துக்கு பெட்டி முறையே போதும்.

பக்கவாட்டு டிராயிங்கை வெட்டி டெம்ப்ளேட்டா எடுத்துக்கங்க. ரெண்டு ஷீட்டை டபுள் சைடு டேப்ல ஒண்ணா ஒட்டி ஒரே நேரத்துல வெட்டுங்க, அப்பதான் இடதும் வலதும் ஒரே அச்சா வரும். இங்க ஒரு வேலை சொல்றேன், இதை பழகிட்டா கேபின் உள்ள எந்த விமானத்துக்கும் உதவும்: பக்கவாட்டை வெள்ளை ஷீட்ல வெட்டி ஜன்னலைத் துளைச்சு கண்ணாடி பொருத்தற தலைவலி வேண்டாம், பக்கம் முழுசையுமே கிளியர் ஸ்டைரீன்ல வெட்டுங்க. ஜன்னல் வர்ற இடத்துல உள்ளேயும் வெளியேயும் மாஸ்கிங் டேப் வெட்டி ஒட்டிட்டா கடைசியில பெயின்ட் அடிச்சு டேப்பை உரிக்கும்போது கண்ணாடியும் சட்டமும் ஒரே பரப்பா, இணைப்பே தெரியாம வரும். 1/72-ல அரை மி.மீ. ஷீட்டுங்கறது நிஜத்துல 36 மி.மீ. கண்ணாடி, அதை ஓட்டைக்குள்ள பொருத்தினா ஓரம் தடிமனா தெரிஞ்சு மாடல் மொத்தமும் பொம்மை மாதிரி ஆயிடும். டேப் ஓரத்தை மட்டும் நகத்தால நல்லா அழுத்தி விடுங்க, சிமென்ட் கிளியர் பரப்புல ஒரு சொட்டு பட்டாலும் போச்சு.

நடுவுல குறுக்குச் சட்டம் நாலஞ்சு வெட்டி, மேலிருந்து பார்க்கற டிராயிங்கை கீழே விரிச்சு, அதுமேலேயே நிக்க வெச்சு ஒட்டுங்க. வால் பக்கம் ரெண்டு சுவரும் சேர்ற இடத்துல உள்பக்கத்தை முன்னாடியே தேய்ச்சு மெல்லிசாக்கிட்டா வால் நுனி கத்தி மாதிரி சேரும். மூடறதுக்கு முன்னாடி உள்பக்கம் பெயின்ட் அடிச்சு உள்பக்க ஜன்னல் டேப்பை உரிச்சு, கேபின் உள்வேலை முடிஞ்சிருக்கணும்: பைலட் சீட் முன்னாடி, பயணி சீட் பின்னாடி, டேஷ்போர்டு, விமானத்தை ஓட்டற ஸ்டிக், ஜன்னல் வழியா தெரியற குழாய் சட்டம். அந்த சட்டத்தை மட்டும் மெனக்கெட்டு செய்ங்க, நெருப்புல இளக்கி நீட்டின பிளாஸ்டிக் நூல் போதும், ஜன்னலுக்குப் பின்னாடி அந்த குறுக்குக் கோடு தெரிஞ்சாலே உள்ளே நிஜ விமானம் இருக்கற மாதிரி ஆயிடும்.

மூக்கு தனி வேலை. ஷீட் துண்டுகளை அடுக்கி ஒட்டி கட்டியாக்குங்க, ரெண்டு மூணு நாள் காயவிடுங்க, அவசரப்பட்டு தேய்ச்சா நடுவுல சிமென்ட் இளகி இருந்து பின்னாடி குழி விழும். அப்புறம் பக்கவாட்டு வடிவம், அடுத்து மேலிருந்து பார்க்கற வடிவம், கடைசியாதான் மூலை உருட்டறது. அட்டையில குறுக்குவெட்டு டெம்ப்ளேட் வெட்டி வெச்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வெச்சுப் பாருங்க.

முன்கண்ணாடி தட்டைத் துண்டுகளா இருந்தா முதல்ல பேப்பர்ல மடிச்சு பொருத்திப் பார்த்துட்டு அதே அளவுல அசிடேட்ல வெட்டி மடிங்க. நீங்க எடுக்கற விமானத்துல வளைஞ்ச கண்ணாடின்னா மரத்துல அச்சு செதுக்கி, பலகையில ஓட்டை போட்டு அதுமேல ஷீட்டை அறைஞ்சு, சூட்டுல தொய்ய ஆரம்பிச்சதும் அச்சை உள்ளே அழுத்தி எடுக்கணும். ஷீட் தடிமன் அளவுக்கு அச்சு சின்னதா இருக்கணும்ங்கறதை மறந்துடாதீங்க.

இறக்கை, இதுக்குத்தான் நேரம் குடுக்கணும்

இறக்கைப் பரப்பு 222 சதுர அடி, அதை நுனிக்கு நுனி நீளத்தால வகுத்தா சராசரி அகலம் ஆறு அடி, 1/72-ல சுமார் 25 மி.மீ. அகலமுள்ள பட்டை. இதை 0.25 மி.மீ. ஷீட்ல மடிச்சு செய்யறதுதான் எனக்குப் பிடிச்ச முறை, ஏன்னா துணி இறக்கையோட ரிப் கோடுகளை, அதாவது துணிக்குள்ள குறுக்கா நிக்கற சட்டங்களோட கோடுகளை, உள்பக்கத்துல இருந்தே வரவழைக்கலாம்.

மேல் பக்கமும் கீழ் பக்கமும் சேர்த்து ரெண்டு மடங்கு அகலம், கூட ரெண்டு மூணு மி.மீ. சேர்த்து ஷீட்டை வெட்டுங்க. நடுவுல வர்றது முன் விளிம்பு. டிராயிங்ல ரிப் எங்கெங்க இருக்கோ அதை உள்பக்கத்துல பென்சிலால குறிங்க. ஷீட்டுக்குக் கீழே கனமான அட்டை அல்லது ரப்பர் விரிப்பு வெச்சு, மை தீர்ந்த பால் பாயின்ட் பேனாவால அந்தக் கோட்டுல ஸ்கேல் வெச்சு லேசா ஒரு இழு இழுங்க, வெளிப்பக்கத்துல மெல்லிய மேடு எழும்பும். லேசான்னா லேசாதான். நிஜ விமானத்துல ரிப் 5 மி.மீ. மேடா இருந்தா 1/72-ல அது 0.07 மி.மீ., கண்ணுக்குத் தெரியறதை விட வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா தெரியற அளவு. பசிச்ச மாட்டு விலா மாதிரி ரிப் துருத்திக்கிட்டு நிக்கற மாடல்கள் நிறைய பார்க்கறோம், துணி விமானம்னா அப்படித்தான்னு நெனச்சு பண்றாங்க, நிஜ இறக்கையில துணி, டோப்ங்கற பூச்சு அடிச்சு விறைப்பா டிரம் தோல் போல இருக்கும்.

அடுத்து மடிக்கறது. முன் விளிம்புக் கோட்டுல மெல்லிய கம்பியை டேப் போட்டு வெச்சு, சுடுதண்ணியில முக்கி கையால மெதுவா வளைங்க, கொதிக்கற தண்ணி வேண்டாம், ஷீட் நெளிஞ்சுடும். பின் விளிம்பு ரெண்டையும் உள்பக்கம் சாய்வா தேய்ச்சு வெச்சாதான் மூடும்போது மெல்லிசா வரும். உள்ளே 0.5 மி.மீ. ஷீட்டால ஸ்பார், அதாவது இறக்கையைத் தாங்குற நீளச் சட்டம், ஒண்ணு முழு நீளத்துக்கும், டிராயிங்ல தடிமன் அதிகமா இருக்கற இடத்துல. ஸ்பாரை ஒட்டி நல்லா காஞ்ச பிறகு பின் விளிம்பை கொஞ்சமே கொஞ்சம் சிமென்ட்ல மூடுங்க, ரெண்டு நுனியையும் ஒரு நாளாவது திறந்தே விடுங்க. உள்ளே மாட்டின சிமென்ட் ஆவி வெளிய போக வழி இல்லாட்டி ஷீட்டை உள்ளிருந்து இளக்கி வாரக் கணக்குல கழிச்சு அலை அலையா காட்டும். அப்புறம் நுனியில கட்டி வெச்சு வளைவா தேய்ங்க, இறக்கையோட பின் விளிம்புல அசையற பாகமான அய்லரான் கோட்டை கீறுங்க.

வாலும் அதுல திசை திருப்பற ரட்டரும் 0.5 மி.மீ. தட்டை ஷீட்ல ஓரம் உருட்டினா போதும்.

பொருத்தறது, காலு, புரொப்பெல்லர்

பொருத்தும்போது கண் அளவு ஏமாத்தும். முன்பக்க டிராயிங்கை தடிமனான அட்டையில ஒட்டி வெட்டி ஒரு தாங்கி செய்ங்க, இறக்கையோட சாய்வு எவ்வளவோ அந்தச் சாய்வுலயே அது இறக்கையைப் பிடிச்சு நிக்கணும். இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவுல 0.8 பித்தளைக் கம்பி ஊசி ரெண்டு. ரெண்டு நுனியில இருந்தும் வால் நுனிக்கு நூல் வெச்சு அளந்து பாருங்க, ரெண்டும் சமமா இருந்தாதான் இறக்கை நேரா இருக்கு.

ஸ்ட்ரட்டை பிளாஸ்டிக்ல மட்டும் செஞ்சா இறக்கை எடைக்கு நாளடைவுல வளையும். பித்தளைக் கம்பியை லேசா தட்டி அரத்தால நீள்வட்டமா தேய்ச்சு எடுத்தா பலமும் இருக்கும், மெல்லிசாவும் இருக்கும். இங்க ஒரு அழகான விஷயம் இருக்கு: புஸ் மாத்தோட சக்கரத்து ஷாக் அப்சார்பர் கால்ல ஒரு பட்டையான உறை இருக்கு, பைலட் அதை 90 டிகிரி திருப்பினா காத்தை எதிர்த்து ஏர் பிரேக்கா வேலை செய்யும். பறக்கும்போது ஒடுங்கின பக்கம் முன்னாடி, இறங்கும்போது பட்டைப் பக்கம் முன்னாடி. மாடல்ல எப்படி வெக்கிறீங்கங்கறது உங்க போட்டோவைப் பொறுத்தது, ஆனா ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கணும்.

சக்கரத்துக்கு ஷீட் வட்டங்களை அடுக்கி ஒட்டி, நடுவுல கம்பி போட்டு டிரில்ல மாட்டி சுத்தவிட்டு உப்புத்தாள் பிடிங்க, மெதுவான வேகத்துல, இல்லாட்டி பிளாஸ்டிக் உருகும். புரொப்பெல்லரை மரத்துலயே செய்ங்க. நிஜமானதே மரப்பலகைகளை அடுக்கி ஒட்டி செதுக்கினதுதான், அதே மாதிரி ரெண்டு நிறத்துல மெல்லிய மர வெனீர் அடுக்கி ஒட்டி செதுக்கினா அந்த அடுக்குக் கோடு பிளேடுல வளைஞ்சு வளைஞ்சு தானா வரும், எந்த பெயின்ட்டாலயும் அதைக் கொண்டு வர முடியாது. எந்தப் பக்கம் முறுக்குன்னு மட்டும் போட்டோவுல பார்த்துட்டு கத்தி வைங்க.

பெயின்ட்டும் எழுத்தும்

ப்ரைமர் அடிச்சதும் தப்பெல்லாம் தெரியும், பட்டி போட்டு தேய்ச்சு மறுபடி ப்ரைமர், இதுல சலிச்சுக்காதீங்க. சில்வர் கலர் துணி விமானம்னா உலோகப் பளபளப்பு வேண்டாம், அது அலுமினியப் பொடி கலந்த டோப், கொஞ்சம் சாம்பல் கலந்த மங்கின வெள்ளி. தனியார் விமானங்களை ஓனருங்க பளிச்னு வெச்சிருப்பாங்க, அதனால போர் விமானத்துக்கு பண்ற மாதிரி கருப்பு அழுக்குக் கோடு எல்லாம் இதுக்கு பொருந்தாது. எக்ஸாஸ்ட் புகைத் தடம், சக்கரத்துல கொஞ்சம் தூசி, அவ்வளவு போதும்.

ரிஜிஸ்ட்ரேஷன் எழுத்துதான் சிவில் விமானத்தோட அடையாளம். சாதாரண பிரின்டர் வெள்ளை அடிக்காது, அதனால வெள்ளை எழுத்தை டிகால்ல, அதாவது தண்ணியில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்ல, எடுக்கறதை விட மாஸ்க் வெட்டறது சுலபம்: முதல்ல எழுத்தோட கலரை அடிச்சு, காஞ்சதும் எழுத்து வடிவத்துல வெட்டின மாஸ்கிங் டேப்பை ஒட்டி, மேல உடம்பு கலரை அடிச்சு உரிச்சா எழுத்து நிக்கும். கருப்பு எழுத்துன்னா டிகால் பேப்பர்ல பிரின்ட் பண்ணலாம், இங்க்ஜெட்னா தண்ணியில போடறதுக்கு முன்னாடி வார்னிஷ் அடிச்சே ஆகணும், இல்லாட்டி மை கரைஞ்சு ஓடிடும். எழுத்தோட உயரம், கோட்டுத் தடிமன், எழுத்துக்கு நடுவுல இடைவெளி எல்லாத்தையும் போட்டோவுல இருந்து அளந்து நீங்களே வரைங்க, கம்ப்யூட்டர் ஃபான்ட் எதுவும் கச்சிதமா ஒத்துப்போகாது. உடம்பு ரெண்டு பக்கம், இறக்கை மேலே, இறக்கை கீழே, நாலு இடத்தையும் தனித்தனியா பார்த்துக்கங்க, இறக்கை எழுத்தோட தலை எந்தப் பக்கம் இருக்குங்கறதையும் சேர்த்து.

எல்லாத்துக்கும் மேல செமி கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் அடிங்க. நிஜ விமானத்து பளபளப்பை அப்படியே சின்ன சைஸ்ல போட்டா கண்ணாடி பொம்மை மாதிரி ஆயிடும், அதனால அரைப் பளபளப்புதான் சரி. நல்லா காஞ்சதும் ஜன்னல் டேப்பை உரிங்க, பெயின்ட் ஓரத்தை முதல்ல கத்தி நுனியால லேசா கீறிட்டு உரிச்சா பிசிறு வராது. கை பட்டா உடையற சாமான் எல்லாம், அதாவது காத்து வேகம் அளக்கற பிட்டாட் குழாய், கன்ட்ரோல் கம்பிகள், புரொப்பெல்லர், இதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

முடிச்ச கையோட அந்த டிராயிங், டெம்ப்ளேட், ரிப் குறிச்ச பேப்பர், அட்டைத் தாங்கி எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு ரிஜிஸ்ட்ரேஷனை மேல எழுதி வெச்சுடுங்க, ஏன்னா விடி-ஏடிஎன் முடிச்சவங்க அடுத்து மொலிசனோட ஜி-ஏபிஎக்ஸ்ஒய் செய்யணும்னு கண்டிப்பா கிளம்புவீங்க, அப்ப கேபினையும் எழுத்தையும் மட்டும் புதுசா யோசிச்சா போதும்.